வதந்திக்கு ஒரு மதிப்புரை

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வதந்தியைக் கண்டால் கொஞ்சம் பொறாமை ஏற்படுவது இயற்கை. நாம் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதுகிறோம். பத்திரிகை ஆசிரியர் அதை இரண்டு மாதம் மேஜையில் வைத்திருக்கிறார். ஓவியர் படம் போடுகிறார். கடைசியில் ஆயிரம் பேர் படித்தால் அதிகம். படித்தவர்களிலும் பாதிப் பேர், "இப்படியெல்லாம் நடக்குமா?" என்று கேட்டுக் கடிதம் எழுதுகிறார்கள். வதந்திக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. ஆசிரியர் பெயர் இல்லை; விலை இல்லை; இரண்டே நாளில் இரண்டாயிரம் பேரை எழுப்பி நெடுஞ்சாலையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது. எந்த நாவலுக்கு இந்தச் சக்தி உண்டு?

நான் சொல்லுவது, 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உலவிய ஒரு வதந்தியை. அதை ஒரு கதையாகவே எடுத்துக்கொண்டு, மதிப்புரை எழுதுகிறவன் ஒரு கதையிடம் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். 'வாட்ஸப்பில் பரவிய பொய்' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி அதை ஒதுக்கிவிட்டவர்களே அதிகம். அந்தத் தீர்ப்பில் பிழை இல்லை. அது பொய்தான். ஆனால் ஒரு கதையைப் பொய் என்று சொல்லிவிட்டால் விமர்சனம் முடிந்துவிடுமா? எல்லாக் கதையும் பொய்தானே.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்களைப் பல விடுதிகளில் தங்க வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று பூந்தமல்லி அருகே இருந்தது. டிசம்பர் 15ஆம் தேதி அந்த விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பலர் சிகிச்சை முடிந்து அனுப்பப்பட்டார்கள். சிலர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்கள். 'சிலர் செத்துப்போய்விட்டார்கள், மூடி மறைக்கிறார்கள்' என்ற கதை அதற்குள் புறப்பட்டுவிட்டது. 17ஆம் தேதி இரவு பெண்கள் சாலைக்கு வந்தார்கள். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை மறுநாள் வரை அடைபட்டுக் கிடந்தது. ஆலை மூடப்பட்டது. பொய்ச் செய்தி பரப்பியதாக ஒரு யூடியூப்காரர் கைது செய்யப்பட்டார். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தாங்கள் விதித்த தரத்தில் இல்லை என்று டிசம்பர் 29ஆம் தேதி ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் கதவு மறுபடி திறந்தது.

யாரும் சாகவில்லை. இதைத் தனி வரியாகவே எழுதிவிட வேண்டும். இனி நான் சொல்லப்போகும் எதையும் இந்த வரிக்கு மறுப்பாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கதை நடந்த இடத்தைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிள்ளைப்பாக்கத்தில் ஏரி இருக்கிறது. ஏரியை விட்டுத் திரும்பினால் சிப்காட் போட்ட அகலமான சாலை. இங்கே மின்னணுப் பொருள்களுக்கென்றே தனியாக ஒரு தொழிற்பேட்டை உண்டு. போனின் முகத்தில் பொருத்தும் கண்ணாடியைச் செய்து முடிக்கும் ஆலைக்கு 2024 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்த ஊருக்காகத்தான். பக்கத்திலேயே வல்லம் வடகால், அப்புறம் ஒரகடம். ஷிப்டு மாறும் நேரத்தில் இந்தச் சாலைகளில் நின்று பார்க்க வேண்டும். பஸ் பஸ்ஸாகப் பெண்கள் இறங்குகிறார்கள், பஸ் பஸ்ஸாக ஏறுகிறார்கள். பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். எத்தனையோ மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களை எண்ணினால், நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று 2019-20ஆம் ஆண்டுக் கணக்கு சொல்லுகிறது. உலகத்துக்கே செய்தி சொல்லும் கருவி இவர்கள் விரல்களில் உருவாகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இப்படிப்பட்ட ஆலைகள் பலவற்றில், வேலைக்குப் போகிறவர் தம்முடைய போனை வெளியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் ஊரார் போன்களுக்கு உயிர் கொடுத்துவிட்டு வெளியே வந்து தன் போனைத் திறக்கிறபோதுதான், விடுதியில் என்ன நடந்தது, வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் ஒரே சமயத்தில் அவள்மேல் வந்து விழுகின்றன.

சரி, கதைக்கு வருவோம். மதிப்புரைக்காரன் முதலில் கேட்பது, 'நம்பும்படி இருக்கிறதா?' என்பது. நம்பும்படிதான் இருந்தது. கதையில் வந்த சமையலறை கற்பனை இல்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது எலிகள் இருந்தன, சாக்கடை வடிகால் சரியில்லை, சமையலறையை மூடினார்கள். ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை படுத்தார்கள் என்றும், தண்ணீர் வராத கழிப்பறைகள் இருந்தன என்றும் அங்கே வேலை செய்த பெண்கள் ராய்ட்டர் செய்தி நிறுவனத்திடம் சொன்னார்கள். ஆகக் களம் நிஜம், பாத்திரங்கள் நிஜம், நோய் நிஜம். முடிவு ஒன்றுதான் பொய். நல்ல நாவல்களில் இதைவிடக் குறைந்த சரக்கோடு வெளிவந்தவை எத்தனையோ உண்டு.

அடுத்த கேள்வி, 'ஆசிரியர் யார்?' சர்க்கார் ஒரு ஆளைக் கண்டுபிடித்தது. அவர் கதையைப் பெரிசுபடுத்தியிருக்கலாம். அது போலீஸ் பார்க்கும் விஷயம். ஆனால் கதையை எழுதத் தொடங்கியது அவர் இல்லை என்பது என் அபிப்பிராயம். காலியாகக் கிடந்த ஒரு படுக்கைதான் அதை எழுதத் தொடங்கியது. முப்பது பேர் படுக்கும் அறையில் பக்கத்தில் படுத்தவளை ராத்திரி தூக்கிக்கொண்டு போகிறார்கள். மறுநாள் அவள் வரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் விடுதிக்காரர் மேலே கேட்கச் சொல்லுகிறார். ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டு, கம்பெனியைக் கேட்கச் சொல்லுகிறார். கம்பெனிக்கோ அவள் ஏஜெண்டின் ஆள். இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்க நாவலாசிரியனாக இருக்க வேண்டியதில்லை. ஆலை ஒருவருடையது, விடுதி ஒருவருடையது, சமையல் குத்தகை இன்னொருவருடையது என்று பிரித்துக் கட்டிய எந்த ஏற்பாட்டிலும் கேள்விக்கு இதுதான் கதி. இரண்டு நாள் பதில் கிடைக்காத கேள்வி, மூன்றாம் நாள் தானே பதிலாகிவிடுகிறது. 'எங்கே இருக்கிறாள்?' என்பது, 'இருக்கிறாளா?' என்று மாறுகிறது. அப்புறம் ஒரு எழுத்துத்தான் மிச்சம்.

159 பெயர்களையும் ஆஸ்பத்திரிகளின் பெயர்களையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, 16ஆம் தேதி காலையில் ஒவ்வொரு விடுதி வாசலிலும் ஒட்டியிருந்தால் இந்தக் கதை இரண்டாம் அத்தியாயத்துக்குப் போயிருக்குமா? போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

இது புதிய சங்கதியும் அல்ல. மார்க் பிளாக் என்ற பிரெஞ்சுச் சரித்திர ஆசிரியர் முதல் உலக யுத்தத்தில் சிப்பாயாக இருந்தவர். யுத்தகாலப் பொய்ச் செய்திகளைப் பற்றி 1921இல் ஒரு கட்டுரை எழுதினார். பத்திரிகைகளைத் தணிக்கை செய்து செய்து, அச்சில் வருவது எதையும் சிப்பாய்கள் நம்பாமலாகிவிட்டார்கள். அதனால் அச்சு இல்லாத காலத்தில் போல வாய்ச் செய்திக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது என்கிறார். அந்த வாய்ச் செய்திகள் எங்கே கூடிப் பெருகின தெரியுமா? போர்முனைக்குப் பின்னால் இருந்த சமையல் கூடங்களில். வெவ்வேறு அணியைச் சேர்ந்தவர்கள் சந்திக்கும் இடம் அது ஒன்றுதான். பிளாக்கின் சிப்பாய்களிடம் வாட்ஸப் இல்லை. இருந்திருந்தால் வேகம் கூடியிருக்கும். வேகத்தை நான் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. நடந்து போகிற பொய்யை வழியில் யாராவது மடக்கிக் கேட்க முடியும். பறக்கிற பொய்யை அப்படிக் கேட்க முடியாது. போனின் குற்றம் அந்த அளவுக்கு உண்டு.

அதைவிடப் பெரிய குற்றத்தையும் போன் செய்திருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கத்து அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அதிலிருந்த மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று போன்களில் ஏற்கெனவே ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளை அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த வருஷம் நாட்டின் பல பகுதிகளிலும் இப்படி நடந்தபின், ஜூலையில் வாட்ஸப் கம்பெனி ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது. 2023 மார்ச்சில் இன்னொரு கதை வந்தது: தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்லுகிறார்கள் என்று. எங்கேயோ எப்போதோ நடந்த சண்டைகளின் படங்களை எடுத்து, தமிழ்நாடு என்று பெயர் போட்டு அனுப்பினார்கள். ஊர் திரும்ப ரயிலடிக்கு ஓடினவர்கள் உண்டு.

இந்த மூன்று கதைகளுக்கும் இப்போது ஒரே பெயர்: பொய்த் தகவல். ஒரே மருந்து: அனுப்புவதைத் தடு, அனுப்பினவனைப் பிடி. விமர்சகன் இப்படி எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்க ஒப்பக் கூடாது. பீகார்த் தொழிலாளர் கதை, தனக்கு நேராத ஒன்றை, தெரியாதவர்களைப் பயமுறுத்த வேண்டி ஒருவர் உட்கார்ந்து வெட்டி ஒட்டியது. அதற்கு ஆசிரியர் உண்டு, நோக்கம் உண்டு. அத்திமூரில் ஓடிய கதை, அந்நியரைக் கண்டு மிரண்ட ஊர்களின் பயம். விடுதிக் கதையோ, தன் அறைத் தோழியைக் காணவில்லை என்று தேடினவர்களின் கதை. முதலிரண்டும் இன்னொருவர்மேல் விரலை நீட்டின. மூன்றாவது, பதில் சொல்ல வேண்டிய இடத்தைப் பார்த்துத்தான் கத்தியது. தப்பான வார்த்தையால் கத்தியது, அவ்வளவுதான்.

தப்பான வார்த்தைக்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலையும் சின்னதல்ல. 'செத்தார்கள்' என்று சொல்லப்போய், 'வாந்தி எடுத்தோம், தண்ணீர் இல்லை, முப்பது பேர் ஓர் அறையில் கிடந்தோம்' என்ற நிஜம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. யாரும் சாகவில்லை என்று நிரூபித்ததும் வழக்குத் தீர்ந்துவிட்டது போல ஊர் பேசியது.

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணுங்க கையில போனைக் குடுத்தாங்க பாருங்க சார், அதுதான் வினை." சொல்லும்போது அவர் கையிலும் ஒரு போன் இருந்தது, யாரோ ஒரு சாமியார் அதில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். வஞ்சகமாகச் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேர் நினைப்பதைத்தான் சொன்னார். ஆண் ஏமாந்தால் அவனை ஏமாற்றினவன் யார் என்று கேட்கிறோம். பெண் ஏமாந்தால் அவளுக்குப் போன் எதற்கு என்று கேட்கிறோம்.

இந்த நாட்டில் போன் பெண்ணின் கையில் அப்படி ஒன்றும் நிரம்பி வழியவில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் தானே வைத்துப் பயன்படுத்தும் போன் உள்ளவர்கள் நூற்றுக்கு 54 பேர். எப்போதாவது இண்டர்நெட்டைத் தொட்டவர்கள் பெண்களில் நூற்றுக்கு 33, ஆண்களில் 57. வீட்டில் அண்ணன் கையிலோ அப்பா கையிலோ இருக்கும் ஒரு போனை ராத்திரி ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கிப் பேசிய பெண், மாதச் சம்பளம் வாங்கித் தவணையில் ஒரு போன் வாங்குகிறாள் என்றால், அது அவளுக்கு வெறும் பேச்சுக் கருவி இல்லை. விடுதியில் தனியறை கிடையாது. பூட்டிவைக்க அலமாரி இருந்தால் அதிர்ஷ்டம். அவளுக்கென்று கதவு போட்ட இடம் அந்தப் போன் ஒன்றுதான்.

அதனால்தான் அந்த டிசம்பர் நாள்களைப் பற்றி ராய்ட்டர் எழுதிய ஒரு விவரம் என் மனசை விட்டு அகலவில்லை. போலீஸார் 67 பெண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர்களுடைய போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பெற்றோரைக் கூப்பிட்டுப் பெண்ணை அடக்கி வைக்கும்படி எச்சரித்தார்கள் என்று அந்தப் பெண்கள் சிலரும் தொழிற்சங்கக்காரர் ஒருவரும் சொன்னதாக அந்தச் செய்தி. பதினெட்டு வயது கடந்து, சம்பளம் வாங்கி, வோட்டுப் போடுகிற ஒருத்தி. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அவளுடைய அப்பாவுக்குப் போகிறது! ஆண் தொழிலாளர் ஆயிரம் பேர் மறியல் செய்தால் தடியடி நடக்கலாம், வழக்கு வரலாம். அவர்கள் அப்பாவுக்குப் போன் போட வேண்டும் என்று எந்தச் சப் இன்ஸ்பெக்டருக்கும் தோன்றாது.

இத்தனைக்கும் அந்தக் கதையை முடித்து வைத்ததும் ஒரு போன்தான். அதிகாரிகள் வந்து சொன்னார்கள். யாரும் சாகவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெண்கள் எழுந்திருக்கவில்லை. இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்களை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, கலெக்டர் அவர்களைப் பேச வைத்துக் காட்டினார். நூறு அறிக்கை செய்யாததை ஒரு முகம் செய்தது. இதையே முதல் நாள் விடுதியில் செய்திருக்கலாம். கலெக்டர் வேண்டாம், விடுதி மேற்பார்வையாளரே போதும்.

பிறகு சர்க்கார் விடுதி கட்டிக் கொடுத்தது. வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 18,720 பெண்கள் தங்கும்படி சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி திறக்கப்பட்டது. நல்ல காரியம். தண்ணீரில்லாத கழிப்பறையில் காலந்தள்ளினவளுக்கு இதன் அருமை தெரியும். வெளியே நின்று குறை சொல்லுவது சுலபம். ஆனாலும் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். பதினெட்டாயிரம் பேர் என்றால் அது ஒரு சின்ன டவுன். டவுன் என்றால் பஞ்சாயத்து உண்டு, எலெக்ஷன் உண்டு, பிடிக்காத மெம்பரை வைய இடம் உண்டு. தங்குகிறவர்கள் தங்களில் நாலு பேரைத் தேர்ந்தெடுத்துச் சமையலறைச் சாவியை அவர்களிடமும் ஒன்று கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?

நம் நாவலாசிரியர்கள் இந்தப் பக்கம் அதிகமாக எட்டிப் பார்க்கவில்லை என்பதும் ஒரு குறைதான். கைத்தறி நெசவாளர்களுக்கு ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' கிடைத்தது. தூத்துக்குடி உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கிடைத்தது. ஒரகடம் சாலைக்கு அந்த அளவில் எதுவும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. எழுதப்படாத நாவலின் இடத்தை வதந்தி பிடித்துக்கொண்டது என்று சொன்னால் மிகையாக இருக்கும். இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு கதை பாக்கி இருக்கிறது. அதற்கும் ஆசிரியர் பெயர் இல்லை. ஆனால் அதை யாரும் வதந்தி என்று சொல்லுவதில்லை. கல்யாணமான பெண்களுக்கு இந்த வேலை கிடையாது என்பது அது. 2023 மார்ச்சில், வாட்ஸப்பில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்து, கல்யாணமான சகோதரிகள் இருவர் அதே ஆலைக்கு நேர்முகத்துக்குப் போனார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று வாசலிலேயே காவலாளி கேட்டார். ஆகிவிட்டது என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார். 2024 ஜூனில் ராய்ட்டர் இதை வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, பிரசவம், அதிக லீவு, உடம்பில் போடும் நகை என்று ஆள் எடுக்கிறவர்கள் சொன்ன காரணங்களும் அதில் வந்தன. விதி என்று எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ச்சொல். மத்திய சர்க்கார் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமைக் கமிஷன் நோட்டீஸ் அனுப்பியது. ஆள் எடுப்பதில் ஆண் பெண் பேதம் கூடாது என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. புதிதாகச் சேர்த்தவர்களில் நாலில் ஒருவர் கல்யாணமான பெண் என்று சொல்லியது.

அதே வருஷம் நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. விளம்பரங்களில் வயது, பால், கல்யாணம் இவற்றைப் பற்றிக் குறிப்பிட வேண்டாம் என்று ஏஜெண்டுகளுக்குக் கம்பெனி சொல்லியிருக்கிறதாம். விளம்பரம் சுத்தமாகிவிட்டது. குளிர்சாதனக் கூடம், இலவச பஸ், காண்டீன், இலவச விடுதி. ஒரு வார்த்தை தப்பில்லை. வாசலில் வாயால் கேட்கிற கேள்வி அடங்கிவிட்டதா என்பதைக் காலையில் கைப்பையும் சர்ட்டிபிகேட்டுமாக அந்தச் சாலையில் இறங்கும் பெண்கள்தாம் சொல்ல வேண்டும். யாராவது ஒருத்தி, இன்னும் கேட்கிறார்கள் என்று போனில் எழுதிப் போட்டால், "ருசு எங்கே?" என்று அவளைத்தான் முதலில் கேட்பார்கள்.